எனாமல் தட்டுகள்

ஜூன் மாதத்து விடியலில்
அண்ணனின் தலையை மழித்தார்கள்,
மாட்டுப் பட்டியில், ஆண்கள் மட்டும் சூழ.
அடுக்களைச் சன்னல் வழியே எனக்குக் கிடைத்தது
ஒரு போர்வையும் இரண்டு காதுகளும்.
சகும்சிக்கு அவ்வளவு பெரிய காதுகள் என்று
அன்றைக்குத்தான் தெரியும்.

பிறகு மலைக்குப் போனார்கள்.
மலை என்பது பேச்சுக்கு.
ம்பாஷே ஆற்றுக்கு அப்பால்
முள்மரங்கள் நிற்கும் ஒரு மேடு, அவ்வளவுதான்.
எங்கள் வாசலில் நின்றால் புகை தெரியும்.
பார்க்கலாம். போகக் கூடாது. கேட்கவும் கூடாது.
அந்தக் கதையின் நடுப்பக்கங்களைப்
பெண்கள் புரட்டுவதில்லை.

எனக்குத் தெரிந்த பக்கம் வேறு.

பழைய வழக்கம் ஒன்று உண்டு என்பார்கள்:
மலையில் ஒருவன் இறந்தால் வீட்டுக்குச் சேதி வராது.
மற்றவர்கள் பாட்டோடு திரும்பும் நாளில்
அவன் உண்ட தட்டைக் கொண்டுவந்து
தாயின் காலடியில் போட்டு உடைப்பார்கள்.
ஒரு சொல்லும் தேவைப்படாது.

"இப்போது யார் அப்படிச் செய்கிறார்கள்?
அதுதான் போன் இருக்கிறதே" என்றார் மாமா.
போன் இருந்தது.
தினமும் பதினொரு மணிக்கு அடித்தது.
ஈமச்செலவுக் காப்பீடு விற்கும் பெண்
எவ்வளவு இனிமையாகப் பேசுவாள் தெரியுமா,
அம்மா அவளிடம் "சொல்லுங்கள்" என்பதற்குள்
பாதி உயிர் போய்விடும்.

இரண்டாவது வியாழன். சோப்பு நுரைத்த கை.
வழுக்கி விழுந்தது
நீலப்பூ போட்ட பீங்கான் தட்டு.

அம்மா அலறவில்லை.
என்னைப் பார்க்கவுமில்லை.
வாசலைப் பார்த்தாள்,
யார் வந்து நிற்கிறார்கள் என்று.

ஒரு கோழி நின்றது.

நான்தான்மா, நான்தான் போட்டேன், பபால்வா,
என் கைதான் என்று
என் பெயரையே அவளுக்குச் சொல்லிச் சொல்லி
தோளை உலுக்கினேன்.
சில்லுகளைப் பொறுக்கும்போது விரல் கிழிந்து
சிமெண்டுத் தரையில் சொட்டியதை
மறுநாள் துடைக்கும்போதுதான் கண்டேன்.

அதன்பின் டுட்வா கடைத்தெருவுக்குப் பஸ் ஏறினேன்.
அண்ணனின் புதுக் கோட்டுக்கென்று
டப்பாவில் இருந்த காசில் கைவைத்து
ஆறு எனாமல் தட்டுகள், விளிம்பில் நீலக் கோடு.
கடைக்காரன் முதலில் சொன்னதற்குப் பாதி கொடுத்தேன்.
மிச்சப் பீங்கானைச் செய்தித்தாளில் சுற்றிக்
கட்டிலுக்கடியில் தள்ளினேன்.
அம்மா ஏன் என்று கேட்கவில்லை.
காசைப் பற்றியும் கேட்கவில்லை.
அந்த வீட்டில் என்னை யாரும்
ஏன் என்று கேட்காத முதல் நாள் அது.

அவன் திரும்பினான்.
பின்னால் அவர்கள் குடிசை எரிந்ததாம்,
திரும்பிப் பார்க்காமல் நடந்தானாம்.
முகத்தில் செம்மண், தலையில் தொப்பி,
தோளில் கொஞ்சம் மலிவான கோட்டு.
இனி அவன் பெயர் ஸ்வெலிபான்சி,
உலகம் அகலமானது என்று அர்த்தம்.
பழைய சட்டைகளெல்லாம் பக்கத்து வீட்டு லிசோவுக்கு.
சாயங்காலம் பச்சை ஜெர்சி ஒன்று தெருவில் ஓட,
"சகும்சி!" என்று கத்திவிட்டேன்.
இரண்டு பேர் திரும்பினார்கள்.
ஒருவன் உடனே முகத்தை வேறு பக்கம் வைத்துக்கொண்டான்.

இரவு, இறைச்சி.
கரண்டி பட்டதும் தட்டு டங் என்றது.
"பழைய தட்டெல்லாம் எங்கே?"
குரல் இரண்டு படி கீழே இறங்கியிருந்தது.
அம்மா என்னைப் பார்த்தாள்.
"மாற்றிவிட்டோம்."
"ஏன்?"
"மலையில் என்ன நடந்தது?" என்றேன்.

மெல்லுவதை நிறுத்தினான்.
அப்புறம் காதுவரை சிரித்தான்,
அந்தப் பெரிய காதுவரை,
தட்டை நீட்டினான்: இன்னும் கொஞ்சம் போடு.

பீங்கான் இன்னும் கட்டிலுக்கடியில்தான்.
லிசோவுக்கு வருகிற ஜூனில் பதினெட்டு.
நேற்று அவன் அம்மா உப்பு வாங்க வந்தவள்
உப்பை வாங்கிக்கொண்டு நின்றாள், நின்றாள்,
எனாமல் தட்டு என்ன விலை என்றாள்.